அணைய மறந்த விசை

நுழையும்முன்

இரண்டு குரோமோசோம்களின் நுனிகள் தமக்குள் இடம் மாறிக்கொள்வதால் ஒருவகை இரத்தப் புற்றுநோய் தோன்றுகிறது. அம்மாற்றத்தின் அடையாளத்தை முதலில் கண்டவர்கள் இருவர். அது எவ்வாறு நேர்ந்தது என்று அறிந்தவர் வேறொருவர். அதனுள் மறைந்திருந்த மரபணுவைக் கண்டறிந்தவர்கள் இன்னும் சிலர். நாற்பது ஆண்டுகள் கடந்து ஒரு மாத்திரை பிறந்தது. அம்மாத்திரைக்குக் காப்புரிமை கோரிய வழக்கு சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏபிஎல்1 என்னும் மனித மரபணுவையும் அது உருவாக்கும் நொதியையும் பற்றிய அறிவியல் கட்டுரை இங்குப் பாடமாக அமைகிறது.

பாஸ்பேட் செய்யும் பணி

ஓட்டப் பந்தயத்தில் ஓடத் தொடங்கும் மாணவியின் கால் தசைகளுக்கு உடனடியாக ஆற்றல் தேவைப்படுகிறது. அதற்குரிய சர்க்கரை, கிளைக்கோஜன் என்னும் சேமிப்பாகத் தசைக்குள்ளேயே இருக்கிறது. அச்சேமிப்பைச் சிறுசிறு அலகுகளாகப் பிரித்துத் தரும் நொதியும் அங்கேயே இருக்கிறது. ஆயினும் அவள் அமர்ந்திருக்கும்போது அந்நொதி பெரிதும் வாளாவிருக்கிறது. ஓடும்போது விரைந்து செயல்படுகிறது. தொழிலைத் தொடங்கு, தொழிலை நிறுத்து என்று அதற்கு ஆணையிடுவது எது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் உயிர்வேதியியலாளர்கள். 1950களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருவரும் இணைந்து ஆராய்ந்தனர். செல்லின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியைப் பெயர்த்தெடுத்து, அதைக் கிளைக்கோஜனைப் பிரிக்கும் நொதியின்மீது பொருத்தும் மற்றொரு நொதி உண்டென அவர்கள் கண்டனர். பாஸ்பேட் பொருந்தியதும் நொதி விழித்துக்கொள்கிறது. பாஸ்பேட்டை நீக்கிவிட்டால் மீண்டும் ஓய்வுகொள்கிறது. பாஸ்பேட்டை நீக்குவதற்கும் தனி நொதிகள் உள்ளன. அவை பாஸ்படேஸ்கள் எனப்படும்.

இவ்வாறு பாஸ்பேட்டைப் பொருத்தும் நொதியே கைனேஸ். இயக்குதல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லடியாக இப்பெயர் பிறந்தது. தமிழில் இதற்கு ஒரே சொல் இன்னும் நிலைபெறாமையால் கைனேஸ் என்னும் பெயரே இப்பாடத்தில் ஆளப்படுகிறது.

சின்னஞ்சிறு பாஸ்பேட் தொகுதி தன்னைவிடப் பன்மடங்கு பெரிய புரதத்தின் நடத்தையை மாற்றுவது எங்ஙனம்? பாஸ்பேட் எதிர்மின்சுமை உடையது. புரதமோ அமினோ அமிலங்களால் ஆன நீண்ட சங்கிலி. அது தன் பகுதிகளின் மின்சுமைகளுக்கு ஏற்ப மடிந்து ஒரு வடிவம் கொண்டிருக்கிறது. புதிதாக ஓர் எதிர்மின்சுமை வந்து அமர்ந்தால் அதை நோக்கிச் சில பகுதிகள் ஈர்க்கப்படுகின்றன, சில விலகுகின்றன. மடிப்பு மாறுகிறது. மூடியிருந்த வாயில் திறக்கிறது அல்லது திறந்திருந்தது மூடுகிறது. வடிவம் மாறினால் புரதத்தின் தொழிலும் மாறும். மின்விளக்கின் விசையைப் போன்றது இது. விரலின் சிறு அழுத்தம் அறை முழுவதையும் ஒளிபெறச் செய்துவிடுகிறது.

தசை நொதி ஒன்றில் கண்ட இந்நிகழ்வு, உயிருள்ள செல்கள் அனைத்திலும் நடைபெறும் பொது விதி என்பது பின்னரே தெளிவாயிற்று. மனித மரபணுத் தொகுதியில் கைனேஸ்களுக்குரிய மரபணுக்கள் மட்டும் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை. செல் பிரிதல், வளர்தல், இடம்பெயர்தல், இறத்தல் என எதை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஒரு கைனேஸின் கை இருக்கும். ஃபிஷருக்கும் கிரெப்சுக்கும் நோபல் பரிசு 1992ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது. ஒரு கண்டுபிடிப்பின் பெருமை உலகிற்கு விளங்குவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

தெரிந்து தெளிவோம்

புரதத்தில் செரின், திரியோனின் என்னும் இரு அமினோ அமிலங்களின்மீதே கைனேஸ்கள் பாஸ்பேட்டைப் பொருத்தும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1979இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில், கட்டிகளை உண்டாக்கும் வைரஸ்களின் புரதங்களை டோனி ஹண்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். புதிய கரைசலைத் தயாரிக்காமல், பலமுறை பயன்படுத்திய பழைய கரைசலையே அவர் ஒருநாள் மீண்டும் பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை சற்றே மாறியிருந்தது. அதனால் வழக்கமாக ஒன்றாகக் கலந்து தெரியும் இரு புள்ளிகள் தனித்தனியே பிரிந்து நின்றன. அவற்றுள் புதிய புள்ளி, பாஸ்பேட் பொருந்திய டைரோசின் என்னும் மூன்றாவது அமினோ அமிலம். செல்லுக்குள் இதன் அளவு மிகச் சிறிது. ஆனால் செல்லின் வளர்ச்சியை ஆளும் ஆணைகளுள் பல இதன் வழியாகவே செல்கின்றன. சோம்பலால் நேர்ந்த கண்டுபிடிப்பு என்று இதைக் கூறுவதுண்டு. புதிய புள்ளியைக் கண்டதும் பிழையென்று ஒதுக்காமல், அது என்னவென்று ஆராய்ந்த கூர்மையையும் சேர்த்துக் கூறுவதே பொருத்தமாகும்.

ஏபிஎல்1 மரபணு

மனிதச் செல்லில் உள்ள 46 குரோமோசோம்களுள் ஒன்பதாம் இணையின் நீண்ட கரத்தில், நுனிக்கு அருகே, ஏபிஎல்1 மரபணு அமைந்துள்ளது. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பு அதில் உள்ளது. அப்புரதம் டைரோசின்மீது பாஸ்பேட்டைப் பொருத்தும் கைனேஸ் வகையைச் சார்ந்தது.

இம்மரபணுவின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1970இல் ஹெர்பர்ட் ஏபல்சன் என்னும் மருத்துவர், எலிகளில் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த வைரஸின் ஆற்றலுக்குக் காரணமான மரபணு, உண்மையில் வைரஸுக்கு உரியதன்று. எலியின் செல்லிலிருந்து வைரஸ் கவர்ந்துகொண்ட மரபணு என்பது பின்னர்ப் புலனாயிற்று. எலியிடம் இருப்பது மனிதனிடமும் இருந்தது. ஏபல்சன் பெயரின் முன்னெழுத்துகளே மரபணுவின் பெயராயின. நோயைத் தேடிப் போன இடத்தில் பெயரிடப்பட்டதால் இது நோய்க்கான மரபணு என்று எண்ணிவிடுதல் கூடாது. உடல்நலத்துடன் இருக்கும் ஒவ்வொருவரிடமும் இது உள்ளது, இருந்தாக வேண்டும். இம்மரபணு நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் சிறுத்துப் பிறக்கின்றன. அவற்றுள் பல பிறந்த சில வாரங்களுக்குள் இறந்துவிடுகின்றன.

ஏபிஎல்1 புரதம் உட்கருவுக்குள்ளும் அதற்கு வெளியேயும் சென்றுவரக் கூடியது. உட்கருவுக்குள், டி.என்.ஏ. சேதமுறும்போது அச்செய்தியை உரிய இடத்தில் சேர்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு. உட்கருவுக்கு வெளியே, செல்லின் வடிவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகளோடு இணைந்து, செல் பற்றிக்கொள்வதையும் நகர்வதையும் ஒழுங்குபடுத்துகிறது.

இத்தகைய ஆற்றல் எப்போதும் திறந்துகிடத்தல் ஆகாது. ஆகவே இப்புரதம் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் வகையில் அமைந்துள்ளது. அதன் ஒரு வடிவத்தில், சங்கிலியின் தலைப்பகுதியில் மிரிஸ்டிக் அமிலம் என்னும் பதினான்கு கார்பன் நீளமுள்ள கொழுப்பு வால் ஒன்று ஒட்டியிருக்கிறது. அவ்வால் பின்னோக்கி வளைந்து, கைனேஸ் பகுதியில் உள்ள ஒரு குழிக்குள் நுழைந்து பொருந்திக்கொள்கிறது. அதனால் புரதம் முழுவதும் இறுகி நிற்கிறது. கதவோடு பிறந்த தாழ்ப்பாள் போன்றது இது. செல்லுக்குத் தேவை நேரும்போது தாழ் விலகும்; தேவை தீர்ந்ததும் மீண்டும் விழும். இத்தாழின் அமைப்பு 2003இல்தான் விளக்கமாக அறியப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தாழ் உடைந்தால் என்ன நேரும் என்பதை மருத்துவர்கள் நோயாளிகளிடம் கண்டுகொண்டிருந்தனர்.

பிலடெல்பியாவில் தெரிந்த குறை

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் ஓசையின்றி வரும். சோர்வு, உடல் மெலிவு, வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு கனம். மண்ணீரல் வீங்கியிருப்பதால் தோன்றும் கனம் அது. இயல்பாக ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் நாலாயிரம் முதல் பதினோராயிரம் வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் இலட்சத்தையும் தாண்டுவதுண்டு. முதல் சில ஆண்டுகள் நோய் மெல்ல நகரும். பின்னர் ஒரு கட்டத்தில் வேகம் பிடித்து, முதிராத அணுக்கள் பெருகி, சில மாதங்களில் உயிரைப் பறிக்கும். ஆர்செனிக் கரைசல், மண்ணீரலின்மீது கதிர்வீச்சு, அணுக்களை அழிக்கும் மருந்துகள் எனப் பலவும் பயன்படுத்தப்பட்டன. அணுக்களின் எண்ணிக்கை குறைந்தது; நோய் அகலவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று மருத்துவம் சிலரை முற்றிலும் குணப்படுத்தியது. ஆனால் அதற்கு ஏற்ற கொடையாளர் கிடைக்க வேண்டும். சிகிச்சையே உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் நோவெல், இரத்தப் புற்றுநோய் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்து ஆராய்ந்துவந்தார். ஒருநாள் அத்தகட்டை அவர் குழாய் நீரில் கழுவினார். நீர் புகுந்து செல்கள் உப்பின. உள்ளே நெருங்கிக் கிடந்த குரோமோசோம்கள் விலகித் தனித்தனியே தெரிந்தன. குரோமோசோம்களைப் பற்றி அவருக்கு அப்போது மிகுதியாகத் தெரியாது. தெரிந்தவரைத் தேடினார், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் இளம் ஆய்வாளர் கிடைத்தார். நுண்ணோக்கியில் கூர்ந்து நோக்கிய ஹங்கர்ஃபோர்டு, நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்திற்கு மாறாகக் குறுகியிருப்பதைக் கண்டார். 1960இல் இருவரும் சில வரிகளே கொண்ட குறிப்பொன்றை வெளியிட்டனர். கண்டறியப்பட்ட நகரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் என்று வழங்கப்படலாயிற்று.

மனிதப் புற்றுநோய் ஒன்றோடு குறிப்பிட்ட குரோமோசோம் மாற்றம் தொடர்புபடுத்தப்பட்டது அதுவே முதன்முறை. எனினும் அன்றைய அறிஞர்களுள் பலர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. குரோமோசோம் குறுகியது நோயின் காரணமா, விளைவா என்று எவராலும் உறுதிகூற இயலவில்லை. ஒரு துண்டு உடைந்து காணாமற்போயிற்று என்றே எல்லாரும் எண்ணினர்.

உணவு மேசையில் ஓர் ஆய்வு

காணாமற்போனதாகக் கருதப்பட்ட துண்டைக் கண்டுபிடித்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலி. மருத்துவம் பயின்ற இவர், தம் நான்கு ஆண்மக்களையும் வளர்ப்பதற்காகப் பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே பணியாற்றினார். 1970களின் தொடக்கத்தில் குரோமோசோம்களைச் சாயமேற்றி, அவற்றில் கரும்பட்டைகளும் வெண்பட்டைகளும் தோன்றச் செய்யும் புதிய முறை வந்தது. அதுவரை ஒன்றுபோலத் தோன்றிய குரோமோசோம்களை அப்பட்டைகளைக் கொண்டு இனம்பிரிக்க முடிந்தது.

ரௌலி நுண்ணோக்கிப் படங்களை வீட்டிற்கு எடுத்துவந்தார். கத்தரியால் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டினார். உணவு மேசைமீது இணைஇணையாக அடுக்கினார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்தனர். அம்மேசையில்தான் அவர் ஒன்றைக் கவனித்தார். 22ஆம் குரோமோசோம் குறுகியிருந்த நோயாளிகளிடம் ஒன்பதாம் குரோமோசோம் சற்றே நீண்டிருந்தது. துண்டு எங்கும் தொலைந்துவிடவில்லை. இரு குரோமோசோம்களும் தம் நுனிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. 1973இல் இம்முடிவு வெளியாயிற்று. மீண்டும் மீண்டும் வெவ்வேறு நோயாளிகளிடம் அதே இரு குரோமோசோம்கள், அதே இடங்களில் முறிவது தற்செயலாக இருக்க முடியாது என்று அவர் வாதிட்டார். ஏற்றுக்கொள்வோர் தொடக்கத்தில் குறைவாகவே இருந்தனர்.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. பிள்ளைகளுக்குச் செல்வதும் அன்று. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில், எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரே ஒரு குருத்தணுவில் நேர்ந்து, அதன் வழித்தோன்றல்களில் மட்டும் பரவுவது. மிகுந்த கதிர்வீச்சு இதற்கு வழிவகுக்கும் என்பது ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுகளுக்குத் தப்பியவர்களிடம் தெரியவந்தது. பெரும்பாலான நோயாளிகளுக்கோ இன்ன காரணம் என்று சுட்ட எதுவும் இருப்பதில்லை. பரம்பரை நோய், தொற்றுநோய் எனத் தவறாக எண்ணி இந்நோயாளிகளின் குடும்பங்களை விலக்கிவைப்போர் இன்றும் உளர் என்பதால் இதனை அழுத்திக் கூற வேண்டியுள்ளது.

தாழ் உடைந்த கதவு

இடம் மாறிய நுனியில் என்ன இருந்தது? 1982இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் அதில் ஏபிஎல்1 மரபணுவைக் கண்டனர். ஒன்பதாம் குரோமோசோமிலிருந்து பெயர்ந்த அம்மரபணு, 22ஆம் குரோமோசோமில் முறிவு நேர்ந்த இடத்தில் வேறொரு மரபணுவின் நடுவே சென்று ஒட்டிக்கொண்டிருந்தது. முறிவுகள் திரளும் பகுதி என்னும் பொருள்பட அவ்விடத்தில் இருந்த மரபணுவுக்கு பிசிஆர் என்று பெயரிட்டனர். ஒரு நூலின் முதற்பாதியோடு மற்றொரு நூலின் பிற்பாதியைச் சேர்த்துத் தைத்ததுபோல இரண்டும் சேர்ந்து ஒரே மரபணுவாயின. செல் அதைப் பிழையென்று அறியாது. படித்து, பிசிஆர்-ஏபிஎல் என்னும் புதுப் புரதத்தைத் தயாரிக்கிறது.

இக்கலப்பில் ஏபிஎல் தன் தலைப்பகுதியை இழக்கிறது. தலைப்பகுதியோடு தாழ்ப்பாளாக இருந்த கொழுப்பு வாலும் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக வந்து ஒட்டிய பிசிஆர் பகுதியோ ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இத்தகைய புரதங்கள் கூட்டாகச் சேர்ந்து, ஒன்று மற்றொன்றின்மீது பாஸ்பேட்டைப் பொருத்தி, ஒன்றையொன்று விழித்திருக்கச் செய்கின்றன. விசை அணைய மறந்துவிடுகிறது. பிரிந்து பெருகு என்னும் ஆணை வெளியிலிருந்து எவரும் இடாமலேயே இரவும் பகலும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வொரு மாற்றமே நோய்க்குப் போதுமா என்னும் ஐயத்தை 1990இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வு தீர்த்தது. பிசிஆர்-ஏபிஎல் மரபணுவை எலிகளின் மஜ்ஜையில் புகுத்தியபோது அவற்றுக்கு இதே நோய் வந்தது. முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்த காரணமா, விளைவா என்னும் வினாவுக்கு விடை கிடைத்தது. புற்றுநோய்களுள் பெரும்பாலானவை பல மரபணுக்களின் கோளாறுகள் ஒன்றுசேர்ந்து உண்டாவன. இந்நோயின் தொடக்க நிலையில் குற்றவாளி ஒரே ஒரு நொதி. அதை மட்டும் அடக்க முடிந்தால்?

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி

முடியாது என்பதே அன்று பலருடைய கருத்து. காரணம் எளிது. கைனேஸ்கள் அனைத்தும் ஏ.டி.பி.யை ஒரே வகையான குழிக்குள் ஏந்திப் பயன்படுத்துகின்றன. அக்குழியை அடைக்கும் வேதிப்பொருள் ஐந்நூறு கைனேஸ்களையும் ஒருங்கே முடக்கிவிடும்; நோயோடு நோயாளியும் மாள நேரும் என்று அஞ்சினர்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இயங்கிய சிபா-கைகி நிறுவனத்தில் அலெக்ஸ் மேட்டர், நிக்கோலஸ் லைடன் ஆகியோர் அடங்கிய குழு அவ்வச்சத்தை மீறி முயன்றது. யூர்க் சிம்மர்மன் என்னும் வேதியியலாளர் வேறொரு கைனேஸை ஓரளவு தடுத்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பை அணு அணுவாக மாற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தபோது அது பழைய கைனேஸை விட்டுவிட்டு ஏபிஎல் போன்ற டைரோசின் கைனேஸ்களை மட்டும் பற்றியது. வேறோரிடத்தில் மற்றொரு தொகுதியைச் சேர்த்தபோது நீரில் கரைந்தது, மாத்திரையாக விழுங்கத்தக்கதாயிற்று. அப்பொருளே இமாட்டினிப்.

இதை எந்நோய்க்குப் பயன்படுத்துவது என்பதில் உறுதியோடு இருந்தவர், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரத்து மருத்துவர் பிரையன் டிரக்கர். பாசலிலிருந்து அனுப்பப்பட்ட பொருள்களை அவர் நோயாளிகளின் அணுக்கள்மீது சோதித்தார். பிசிஆர்-ஏபிஎல் உடைய அணுக்கள் மாண்டன. இயல்பான அணுக்கள் பெரிதும் பிழைத்தன. 1996இல் இம்முடிவு அச்சேறியது. அதே ஆண்டில் சிபா-கைகி மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. மனிதர்களிடம் சோதிப்பதில் நிறுவனம் தயக்கம் காட்டியது. விலங்குச் சோதனைகளில் சில பக்கவிளைவுகள் தெரிந்திருந்தன. மேலும் இந்நோய் ஆண்டுதோறும் இலட்சத்தில் ஓரிருவருக்கே வருவது. செலவிட்ட பணம் திரும்புமா என்னும் கணக்கும் இருந்தது. டிரக்கர் விடாது வற்புறுத்தினார்.

1998 ஜூன் மாதம் முதல் நோயாளிக்கு மாத்திரை வழங்கப்பட்டது. வேறு மருத்துவம் பயனளிக்காதவர்களே இச்சோதனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். நாள்தோறும் 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் உட்கொண்ட 54 பேருள் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புநிலைக்குத் திரும்பியது. புற்றுநோய் மருத்துவத்தில் இத்தகைய எண்களை எவரும் அதற்குமுன் கண்டதில்லை. செய்தி பரவியது. மருந்து போதிய அளவில் தயாரிக்கப்படவில்லை என்பதை அறிந்த நோயாளிகள், 1999இல் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு உற்பத்தியைப் பெருக்குமாறு நிறுவனத்திற்கு விண்ணப்பித்தனர். 2001 மே மாதம் அமெரிக்க அரசு மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் வெளியான நீண்டகால ஆய்வொன்றில், இம்மாத்திரையோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களுள் நூற்றுக்கு எண்பத்து மூவர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர்.

ஐந்நூறு கைனேஸ்களுக்கும் பொதுவான குழியில் இம்மருந்து எவ்வாறு ஏபிஎல்லைத் தேர்ந்தெடுத்தது? இளமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு பயின்றவரான ஜான் குரியனின் குழு, 2000ஆம் ஆண்டில் மருந்தும் கைனேஸும் பிணைந்திருக்கும் வடிவத்தை வெளிப்படுத்தியது. கைனேஸ்கள் செயல்படும் நிலையில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன; ஓய்வுநிலையிலோ ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையாக மடிந்திருக்கிறது. இமாட்டினிப் ஏபிஎல்லின் ஓய்வுநிலையைத் தேடிப் பற்றுகிறது. விழித்தெழுந்த நொதி ஒரு கணம் கண்ணயரும்போது அதனுள் நுழைந்து, மீண்டும் எழவொட்டாமல் பூட்டிவிடுகிறது.

சென்னையில் தொடங்கிய வழக்கு

1998இல், இமாட்டினிப் மெசிலேட் என்னும் உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்திற்குக் காப்புரிமை வேண்டி நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் 2005இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை விண்ணப்பம் காத்திருந்தது. இதற்கிடையே இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தன. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய்; இந்தியத் தயாரிப்புக்கு 8,000 முதல் 10,000 ரூபாய். இம்மாத்திரை சில வாரங்கள் உண்டு நிறுத்தக்கூடியதன்று. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் விழுங்க வேண்டியது. அவ்விரு விலைகளுக்கும் இடையே உள்ள தொலைவு, பல குடும்பங்களுக்கு வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே உள்ள தொலைவாக இருந்தது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, முன்பே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவத்திற்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் பயன்திறன் மேம்பட்டிருக்க வேண்டும் என்கிறது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்பும் மருந்து நிறுவனங்களும் இதனைச் சுட்டி எதிர்ப்புத் தெரிவித்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. சட்டப்பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய படிக வடிவம் உடலில் முப்பது விழுக்காடு கூடுதலாக உட்கவரப்படுகிறது என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்பது நோய் தீர்க்கும் திறனே. கூடுதலாக உட்கவரப்படுவதால் நோய் கூடுதலாகத் தீர்ந்தது என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது.

நிறுவனத்தின் தரப்பையும் கூறுதல் முறை. புதிய மருந்தைத் தேடும் முயற்சிகளுள் பெரும்பாலானவை தோல்வியில் முடிகின்றன. வெற்றிபெற்ற ஒன்றின் வருவாயே அடுத்த தேடலுக்கு முதல் என்று அது வாதிட்டது. ஏழை நோயாளிகள் பல்லாயிரவருக்கு இம்மாத்திரையை விலையின்றி வழங்கும் திட்டத்தையும் இந்தியாவில் நடத்தியது. ஆயினும் கொடையாகக் கிடைப்பதும் கடையில் வாங்கும் விலையில் கிடைப்பதும் நோயாளிக்கு ஒன்றல்ல. கொடையை நிறுத்துவது கொடுப்பவர் கையில் இருக்கிறது.

மாறும் பூட்டு

மருந்து வந்த அதே 2001ஆம் ஆண்டில், அதன் எல்லையும் தெரியவந்தது. முதலில் குணமடைந்த சிலருக்கு நோய் மீண்டது. கலிபோர்னியாவில் சார்லஸ் சாயர்சின் குழு காரணத்தைக் கண்டது. ஏபிஎல் சங்கிலியின் 315ஆம் இடத்தில் இருக்க வேண்டிய திரியோனின் என்னும் அமினோ அமிலம் ஐசோலூசினாக மாறியிருந்தது. ஆயிரத்திற்கு மேற்பட்டவற்றுள் ஒன்றே ஒன்றுதான் மாறியது. ஆனால் அது குழியின் வாயிலில் நிற்பது. சற்றே பருமனான ஐசோலூசின் வழியை மறித்துக்கொண்டதால் மருந்தால் உள்ளே நுழைய முடியவில்லை.

வேறு வடிவமுள்ள மருந்துகள் தேடப்பட்டன. டசாட்டினிப், நிலோட்டினிப் ஆகியவை மருந்துக்கு அடங்காத பல மாற்றங்களை வென்றன. 315ஆம் இடத்து மாற்றத்தை மட்டும் வெல்லவில்லை. 2012இல் வந்த பொனாட்டினிப் அதையும் தாண்டியது. ஆனால் இரத்தக் குழாய்களை அடைக்கும் அபாயம் அதனுடன் வந்தது. 2021இல் ஒப்புதல் பெற்ற அசிமினிப் முற்றிலும் வேறு வழியில் செல்கிறது. அது ஏ.டி.பி.யின் குழியை நாடுவதில்லை. இயல்பான ஏபிஎல்லில் கொழுப்பு வால் நுழைந்து தாழிடுமே, அந்தப் பழைய குழியில் சென்று அமர்கிறது.

பல ஆண்டுகள் மாத்திரை உண்டு, பிசிஆர்-ஏபிஎல்லின் அடையாளம் இரத்தத்தில் தேடியும் கிடைக்காத நிலையை அடைந்தவர்கள் அதை நிறுத்தலாமா என்பது இப்போதைய வினா. மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்திப் பார்த்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்குத் திரும்பியது, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் திரும்பியது. மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் அவர்களுள் ஏறக்குறைய அனைவருக்கும் அது பழையபடி கட்டுக்குள் வந்தது. நிறுத்தியவர்கள் தொடக்கத்தில் மாதந்தோறும் குருதி கொடுத்துச் சோதித்துக்கொள்கிறார்கள். இயல்பான அணுக்களின் நடுவே, விசை அணையாத அணு ஒன்று மீண்டும் தலைகாட்டுகிறதா என்று ஆய்வகத்தார் தேடிப் பார்க்கிறார்கள்.